காற்றுக்கும் மோதலுக்கும் ஒரே கார்: சக்கரத்தை எங்கே வைப்பது?

காற்றைக் கிழித்துக்கொண்டு லேசாகப் போக வேண்டும். மோதினால் உள்ளே இருப்பவர் தானே கதவைத் திறந்து இறங்கி வர வேண்டும். இந்த இரண்டையும் மனதில் வைத்து, இன்று சாலையில் ஓடும் கார்களை எல்லாம் மறந்துவிட்டு, வெள்ளைத் தாளில் ஒரு கான்செப்ட் கார் வரைய உட்கார்ந்தால் முதலில் வந்து வழிமறிப்பது சக்கரம்தான். அது நிற்கும் இடம் வாலின் வடிவத்தைத் தீர்மானித்துவிடும். இருக்கை, கதவு, மோதலைத் தாங்கும் இரும்புச் சட்டங்கள் எல்லாம் அதற்குப் பின்னால்தான் வரிசையில் நிற்கும்.

1930களிலிருந்து இன்றுவரை இந்தக் கேள்விக்கு வந்த பதில்களை நான்கு குடும்பங்களாகப் பிரிக்கலாம். மூன்று சக்கரம். சாய்சதுர அமைப்பு, அதாவது முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, நடுவில் பக்கத்துக்கு ஒன்று. ஒருவர் பின் ஒருவர் உட்காரும் ஒல்லியான உடல். கடைசியாக, நான்கு சக்கரம் இருந்தும் பின்பக்கம் இடுங்கிப் போகும் கார். என் ஓட்டு கடைசி அமைப்புக்கு. பார்க்க அதுதான் நால்வரில் சாதாரணமானது என்பதால் இது கொஞ்சம் சப்பென்று இருக்கலாம். ஆனால் மற்ற மூன்றும் எங்கே இடறுகின்றன என்று பார்த்தால்தான் இதன் அருமை புரியும்.

அதற்கு முன் இரண்டு கணக்குகளைப் போட்டுவிடுவோம். இந்த இரண்டும் கையில் இல்லாமல் வடிவங்களை ஒப்பிடுவது வீண்.

கெழுவை மட்டும் பார்த்தால் ஏமாறுவோம்

காற்றுத் தடை என்றதும் எல்லோரும் இழுவைக் கெழுவைத்தான் சொல்வார்கள். ஒரு வடிவம் காற்றை எவ்வளவு எதிர்க்கிறது என்பதற்கான எண் அது, குறையக் குறைய நல்லது. 0.30 நல்லது, 0.20 மிக நல்லது என்று. அது பாதிக் கதை. வண்டியை நேர் எதிரே நின்று பார்த்தால் தெரியும் முன்பரப்பும் அதோடு பெருகும். கெழு 0.28, முன்பரப்பு 2.2 சதுர மீட்டர் உள்ள ஒரு சாதாரணக் கார், மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் காற்றைத் தள்ளுவதற்கு மட்டுமே சுமார் 8 கிலோவாட் செலவழிக்கிறது. கெழு 0.19 ஆகவும் பரப்பு 2.1 ஆகவும் குறைந்தால் அது 5 கிலோவாட் அளவுக்கு இறங்கிவிடும். சும்மா இல்லை, மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மிச்சம்.

1939இல் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரக் காற்றியக்க ஆய்வுக்கூடத்தில் கார்ல் ஷ்லோர் செய்த வண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். பின்பக்க எஞ்சின் கொண்ட மெர்சிடிஸ் 170எச் சேசிஸின் மேல் விமான இறக்கையின் குறுக்குவெட்டு போன்ற உடலை உட்கார வைத்தார். முழு அளவு வண்டியில் அளந்த கெழு ஏறக்குறைய 0.19. இன்றைக்கும் பெருமைப்படத்தக்க எண்தான் இது. ஆனால் திரும்பும் முன்சக்கரங்களையும் உடலுக்குள்ளேயே அடக்கிவிட்டதால் அகலம் 2.10 மீட்டருக்குப் போய்விட்டது. முன்பரப்பு சுமார் 2.5 சதுர மீட்டர். பெருக்கினால் 0.47. ஃபோக்ஸ்வாகன் 2013இல் விற்பனைக்குக் கொண்டுவந்த எக்ஸ்எல்1 காருக்கும் கெழு அதே 0.19தான். ஆனால் அது ஒல்லியான, தரையை ஒட்டிய கார். பெருக்கல் தொகை 0.28. கெழு ஒன்றாக இருந்தும் ஒன்றின் காற்றுச் செலவு மற்றதைப் போல ஒன்றரை மடங்குக்கும் மேல்.

இன்னொன்று. காற்றைத் தள்ளும் சக்தி வேகத்தின் மூன்றாம் அடுக்கோடு ஏறும். 100இல் 8 கிலோவாட் கேட்ட அதே கார் 50இல் 1 கிலோவாட் கேட்டால் அதிகம். ஊருக்குள்ளேயே சுற்றும் வண்டிக்காக இந்தப் பாடு தேவையில்லை. அங்கே எடையைக் குறைத்தால் போதும். இனி சொல்வதெல்லாம் நெடுஞ்சாலையில் ஓடும் காருக்கு.

மோதலின் கணக்கு

இது இன்னும் நேரடியானது. மணிக்கு 56 கிலோமீட்டரில் சுவரில் மோதும் கார் முழுவதும் நிற்பதற்குள் எவ்வளவு தூரம் நொறுங்குகிறது என்பதே உள்ளே இருப்பவரின் கதி. 60 சென்டிமீட்டர் நொறுங்கினால் சராசரியாகப் புவியீர்ப்பைப் போல 21 மடங்கு விசை. சீட் பெல்ட், ஏர்பேக் இருந்தால் தாங்கிவிடலாம். 30 சென்டிமீட்டர்தான் இருக்கிறது என்றால் 41 மடங்கு. அப்போது பெல்ட்டே விலா எலும்பை முறிக்கும். மெர்சிடிஸ் பொறியாளர் பேலா பாரெனி 1950களின் தொடக்கத்தில் நொறுங்கும் பகுதிக்குக் காப்புரிமை வாங்கியதன் பின்னால் இருக்கும் எளிய உண்மை இதுதான்: முன்னாலும் பின்னாலும் இருப்பது நசுங்கட்டும், நடுவில் உள்ள கூடு நசுங்கக் கூடாது.

அப்புறம் எடை. 800 கிலோ காரும் 1,600 கிலோ காரும் ஆளுக்கு 50 வேகத்தில் நேருக்கு நேர் மோதினால், கனமான கார் தன் வேகத்தில் 33 கிலோமீட்டர் மாற்றத்தை அனுபவிக்கும். லேசான கார் 67ஐ. லேசான வண்டியில் இருப்பவர் நின்று, பின்னோக்கித் தள்ளவும் படுகிறார் என்று அர்த்தம். காற்றுக்காக எடையைக் குறைத்துக்கொண்டே போகிறவர்கள் இந்தக் கணக்கைப் படுக்கையறைச் சுவரிலேயே ஒட்டி வைக்கலாம்.

இந்த இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்று புலப்படும். நீளமான மூக்கு மோதலுக்கும் நல்லது. காற்றுக்கு அதனால் பெரிய நஷ்டம் இல்லை. நீளமாகச் சரியும் வால் காற்றுக்கு நல்லது. பின்னாலிருந்து இடித்தால் நசுங்கவும் இடம் தரும். அங்கெல்லாம் இரண்டு தேவைகளும் கூட்டாளிகள்தான். அவை முட்டிக்கொள்வது அகலத்தில். பக்கத்திலிருந்து மோதும் காருக்கும் உங்கள் இடுப்புக்கும் நடுவே கதவின் கனம் மட்டும்தான் இருக்கிறது. அந்த இடைவெளியைக் கூட்டினால் முன்பரப்பு ஏறும், குறைத்தால் உயிருக்கு ஆபத்து. ஒவ்வோர் அமைப்பையும் இந்த இடத்தில்தான் உரசிப் பார்க்க வேண்டும்.

மூன்று சக்கரம்: ஆசை காட்டும் வடிவம்

நீர்த்துளி போல முன்னால் உருண்டு பின்னால் கூராக முடியும் வடிவம் காற்றுக்கு உகந்தது. அந்தக் கூரான நுனியில் இரண்டு சக்கரங்களை வைக்க இடமில்லை, ஒன்றை வைக்கலாம். மூன்று சக்கரத்துக்கான நியாயம் இவ்வளவுதான். அது பலமான நியாயமும்கூட.

1933இல் பக்மின்ஸ்டர் ஃபுல்லர், கப்பல் வடிவமைப்பாளர் ஸ்டார்லிங் பர்ஜஸோடு சேர்ந்து அமெரிக்காவின் பிரிட்ஜ்போர்ட் நகரில் டைமாக்ஸியன் காரைக் கட்டினார். சுமார் 6 மீட்டர் நீளம், ஃபோர்டு வி8 எஞ்சின், முன்சக்கரங்கள் இரண்டும் இழுக்கும். பின்சக்கரம் ஒன்றே ஒன்று, அதுதான் திரும்பும்! நின்ற இடத்திலேயே வட்டம் போட முடிந்த இந்த வண்டியைப் பார்க்கக் கூட்டம் கூடியது. ஆனால் பின்சக்கரத்தால் திருப்பும் எந்த வண்டியும் வேகத்தில் அடங்காது. ஸ்டியரிங்கைத் திருப்பியதும் பின்பக்கம் முதலில் எதிர்த்திசைக்கு வீசும், அப்புறம்தான் வண்டி திரும்பும். கிடங்கில் சுமை தூக்கும் ஃபோர்க்லிஃப்டும் பின்சக்கரத்தால்தான் திரும்பும், மெதுவாகப் போவதால் அங்கே அது பரவாயில்லை. பக்கவாட்டுக் காற்றில் இந்த உயரமான, நீளமான உடலை நேராக வைத்திருப்பதும் பெரும் பாடு. அதே ஆண்டு அக்டோபரில் சிகாகோ உலகக் கண்காட்சிக்கு வெளியே ஒரு வண்டி இன்னொரு காரோடு மோதிக் கவிழ்ந்ததில் ஓட்டுநர் இறந்தார். விசாரணை வடிவமைப்பின் மேல் பழி போடவில்லை. ஆனால் பணம் போட வந்தவர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள். மொத்தம் மூன்று வண்டிகளோடு கதை முடிந்தது.

இதை வைத்து மூன்று சக்கரத்தையே தள்ளிவிடுவது நியாயமில்லை. முன்னால் இரண்டு சக்கரம், அவையே திரும்பும், பின்னால் ஒன்று சும்மா உருளும் அல்லது தள்ளும் என்று வைத்தால் பாதித் தொல்லை தீரும். வளைவில் பிரேக் போட்டால் பாரம் இரட்டைச் சக்கரத்தின் பக்கம் சாயும், வண்டி நிலைக்கும். ஒற்றைச் சக்கரத்தை முன்னால் வைக்கும் பிரிட்டனின் ரிலையன்ட் ராபின் போன்ற அமைப்பில் இது தலைகீழ். பிரேக் போடப்போட கவிழ்வதற்கு அருகில் போகும்.

சரி, முன்னால் இரண்டு வைத்தாயிற்று. கவிழும் கணக்கைப் பாருங்கள். நான்கு சக்கர வண்டியில் இடது வலது சக்கரங்களுக்கு நடுவே 1.6 மீட்டர், எடைமையம் 50 சென்டிமீட்டர் உயரம் என்றால் கவிழும் எல்லை 1.6. அதாவது வளைவில் பக்கவாட்டு விசை வண்டியின் எடையைப் போல 1.6 மடங்கு ஆனால்தான் கவிழும். டயரின் பிடிப்பு 1ஐச் சுற்றித்தான் இருக்கும். ஆகவே வண்டி வழுக்கும், கவிழாது. மூன்று சக்கரத்தில் எடையின் 70 சதவீதம் முன்னால் இருந்தால் அதே எல்லை 1.12 ஆகிவிடும். பின்னால் இரண்டு பெட்டியை ஏற்றியதில் முன்பாரம் 60 சதவீதமாக இறங்கினால் 0.96. அதாவது காலியாக ஓட்டிச் சோதித்தபோது சமர்த்தாக இருந்த வண்டி, சாமான் ஏற்றிக்கொண்டு வளைவில் திரும்பும்போது கவிழலாம். வடிவமைப்பவர் காகிதத்தில் பார்க்கிற எடைமையமும் சாலையில் இருக்கும் எடைமையமும் ஒன்றல்ல என்பதுதான் இதில் உள்ள வில்லங்கம்.

அதனால் மூன்று சக்கரம் இருவருக்கான கார். அமெரிக்காவின் ஆப்டெரா இந்த வழியில்தான் போகிறது: முன்னால் உடலுக்கு வெளியே நீட்டிய இரண்டு சக்கரம், நடுவில் இருவர், பின்னால் கூராக முடியும் வால். நிறுவனம் சொல்லும் கெழு 0.13. 2011இல் ஒருமுறை கடையை மூடி 2019இல் மறுபடி எழுந்த நிறுவனம் அது. இருவர் மட்டும் போகும், நெடுந்தூரம் ஓடும் கார் வேண்டும் என்றால் இந்த அமைப்பு என் பட்டியலில் இரண்டாவது. மூக்கில் இரண்டு சக்கரத்துக்கு நடுவே நீளமான சட்டங்களை ஓடவிடலாம், நொறுங்க இடம் கிடைக்கும்.

ஒரு எச்சரிக்கை மட்டும். அமெரிக்காவில் மூன்று சக்கர வண்டி கூட்டாட்சி விதிகளின்படி மோட்டார் சைக்கிள் வகையில் சேரும். காருக்கான மோதல் விதிகள் அதற்குப் பொருந்தாது. சட்டம் கேட்கவில்லை என்பதைச் சலுகையாக எடுத்துக்கொண்டு நொறுங்கும் பகுதியில் கைவைக்கிறவர்களின் வண்டியில் நான் ஏற மாட்டேன்.

சாய்சதுரம்: பாதியில் நின்றுபோன அழகு

இதுதான் நால்வரில் மிக விசித்திரமானது. இத்தாலியின் டுரின் தொழில்நுட்பக் கல்லூரியின் காற்றியக்கப் பேராசிரியர் ஆல்பர்டோ மோரெல்லியின் யோசனை. கார் வடிவமைப்பு நிறுவனமான பினின்ஃபாரினா 1960இல் 'எக்ஸ்' என்ற பெயரில் கட்டிக் காட்டியது. முன்னால் நடுவில் ஒரு சக்கரம் திரும்பும், பின்னால் நடுவில் ஒரு சக்கரம் தள்ளும், இடுப்பில் பக்கத்துக்கொன்றாக இரண்டு. உடல் இரண்டு முனையிலும் ஒடுங்கும். ஃபியட் 1100 எஞ்சினோடு, நாலு பேர் உட்காரும் இந்தக் காருக்குச் சொல்லப்பட்ட கெழு 0.23. அன்றைய கார்கள் 0.45ஐச் சுற்றிக்கொண்டிருந்தன என்பதை நினைத்தால் பாராட்டத்தான் வேண்டும். பக்கவாட்டு மோதலுக்கும் ஒரு நன்மை உண்டு: ஆட்கள் உட்காரும் இடத்துக்கு நேராகவே சக்கரமும் அதைத் தாங்கும் உறுதியான சட்டமும் இருக்கின்றன. மற்ற எந்த அமைப்பிலும் இது கிடையாது.

ஆனால் ஒரு வேகத்தடையில் இதை ஏற்றிப் பாருங்கள். நடுச்சக்கரங்கள் மேட்டின் உச்சிக்கு வரும்போது பாரம் முழுவதும் அவற்றின் மேல் போகும். முன்சக்கரத்தின் மேல் பாரம் இல்லை, திருப்ப முடியாது. பின்சக்கரத்தின் மேலும் பாரம் இல்லை, தள்ள முடியாது. பள்ளத்தில் இறங்கும்போது எதிர்மாறாக, முன்னும் பின்னும் மட்டும் தரையில் ஊன்றி, சாய்வைத் தடுக்க வேண்டிய நடுச்சக்கரங்கள் தொங்கும். ஸ்பிரிங்கை மிகவும் தளர்த்தி இதைச் சமாளிக்கலாம். தளர்த்தினால் வண்டி ஆடும். அவசர பிரேக்கில் பாரமெல்லாம் முன்னால் பாயும், அங்கே இருப்பதோ ஒரே டயர்.

மோதலில் இன்னும் மோசம். நேருக்கு நேர் மோதும்போது விசையை உள்வாங்கும் இரண்டு நீளச் சட்டங்கள் மூக்கின் நடுவில் நிற்கும் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். அந்தச் சக்கரம் நசுங்காது. பின்னால் தள்ளப்பட்டு நேராகக் கால் இருக்கும் இடத்துக்கு வரும். அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக்கான காப்பீட்டு ஆய்வுக் கழகம் 2012இல் தொடங்கிய சோதனை ஒன்று, காரின் முன்பக்க அகலத்தில் 25 சதவீதத்தை மட்டும் தடுப்பில் 64 கிலோமீட்டர் வேகத்தில் மோதவிடும். வழக்கமான கார்களே அதில் திணறின. மூலையில் ஒன்றுமே இல்லாத ஒடுங்கிய மூக்கு தடுப்பை உரசிச் சறுக்கி, நடுச்சக்கரத்தில் போய் முட்டும். அது கதவுக்கு நேராக நிற்கிறது.

பினின்ஃபாரினா அடுத்த ஆண்டே நான்கு மூலையிலும் சக்கரம் வைத்து 'ஒய்' என்ற காரைக் காட்டியது. 1978இல் இத்தாலியத் தேசிய ஆராய்ச்சிக் கழகத்துக்காக மோரெல்லியின் ஆய்வை வைத்து உருவான உடல், நான்கு சக்கரங்கள் வழக்கமான இடத்தில் இருக்கும்போதே 0.20க்குக் கீழே போனது. சாய்சதுரத்தைப் பெற்றெடுத்தவரே அது இல்லாமல் இன்னும் குறைந்த கெழுவைத் தொட்டுவிட்டார். இதற்கு மேல் அந்த அமைப்புக்காக வாதாட எனக்குத் தெம்பில்லை.

பாதுகாப்பு மட்டும் போதும் என்றவர்கள்

கொஞ்சம் விலகிப் போகிறேன். காற்றைப் பற்றிக் கவலையே படாமல் மோதலை மட்டும் நினைத்து வரைந்தவர்கள் ஒரு தனிக் கூட்டம். 1957இல் மட்டும் அமெரிக்காவில் இப்படி இரண்டு கார்கள் வெளிவந்தன.

ஒன்று ஆல்ஃபிரட் ஜூலியானோ என்ற கத்தோலிக்கப் பாதிரியார் கட்டிய அரோரா. தலை முட்டாத தூரத்தில் வெளியே புடைத்துக்கொண்டிருக்கும் முன்கண்ணாடி, நடந்துபோகிறவர் மேல் மோதினால் அவரைச் சக்கரத்துக்கு அடியில் விடாமல் ஏந்திக்கொள்ளும் மெத்தை வைத்த முகப்பு, ஆபத்து வந்தால் பின்னோக்கித் திரும்பும் இருக்கை. யோசனைகள் எல்லாம் நல்லவை. பழைய பியூக் சேசிஸில் கட்டிய அந்த வண்டி, நியூயார்க்கில் அறிமுக விழாவுக்குப் போகும் வழியில் பலமுறை நின்று இழுத்துக்கொண்டு போகப்பட்டது. பார்க்கவும் லட்சணமாக இருக்காது, மரியாதையாகச் சொன்னால்.

மற்றது கார்னெல் விமானவியல் ஆய்வகமும் லிபர்ட்டி மியூச்சுவல் காப்பீட்டு நிறுவனமும் சேர்ந்து செய்தது. ஓட்டுநர் நடுவில், மார்பில் குத்தும் ஸ்டியரிங் தூணுக்குப் பதில் கைப்பிடிகள், மடிந்து திறக்கும் கதவு. இதில் எனக்குப் பிடித்தது நடு இருக்கை. ஓட்டுநர் இரண்டு கதவிலிருந்தும் தள்ளி உட்காருகிறார். முன்னால் சொன்ன அகலச் சிக்கலுக்கு ஒரு விடை இதில் ஒளிந்திருக்கிறது.

1970களில் அமெரிக்க அரசு தூண்டிய பாதுகாப்புச் சோதனைக் கார்களின் முதல் அணி 80 கிலோமீட்டர் மோதலைத் தாங்க வேண்டும் என்று இரும்பைச் சேர்த்துச் சேர்த்து 2 டன்னைத் தாண்டியது. தான் பிழைத்து, எதிரே வருபவரைக் கொல்லும் வண்டி. அதே பத்தாண்டின் கடைசியில் கலிபோர்னியாவின் மினிகார்ஸ் நிறுவனம் மெல்லிய தகட்டுப் பெட்டிகளுக்குள் நுரையை நிரப்பி, ஏர்பேக் வைத்து, ஒரு சிறிய காரிலேயே அந்த 80ஐத் தாங்கிக் காட்டியது. மோதலைத் தாங்க எடை வேண்டாம், நொறுங்கும் விதம் சரியாக இருந்தால் போதும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரிந்து இல்லை.

ஒல்லி உடல்

அகலத்தைக் குறைக்க நேரான வழி ஒருவர் பின் ஒருவர் உட்காருவது. 2002இல் ஃபோக்ஸ்வாகனின் ஒரு லிட்டர் கார் அப்படித்தான் வந்தது: அகலம் 1.25 மீட்டர், எடை 290 கிலோ, கெழு 0.159. நிறுவனத் தலைவர் ஃபெர்டினாண்ட் பீயெக் தானே அதை வுல்ஃப்ஸ்பர்க்கிலிருந்து ஹாம்பர்க்குக்கு ஓட்டிப் போனார். 100 கிலோமீட்டருக்கு 0.89 லிட்டர் டீசல். காற்றுக் கணக்கில் இதை யாரும் தொட முடியாது.

மோதல் கணக்கில் நிலைமை வேறு. 290 கிலோ வண்டி எதிரே வரும் எதன் மேல் மோதினாலும் தோற்றது இதுவாகத்தான் இருக்கும். 1.25 மீட்டர் அகலத்தில் ஆளின் தோளைக் கழித்தால் பக்கத்துக்கு முப்பது சென்டிமீட்டருக்கு மேல் மிஞ்சுவதாகத் தோன்றும். அதற்குள் சக்கரம், கதவு, சட்டம் எல்லாம் வர வேண்டும். மேலே திறக்கும் கூரைக் கதவு கவிழ்ந்தால் திறக்காது என்ற பிரச்சினையும் உண்டு. மெர்சிடிஸ் எஸ்எல்எஸ் காரில் மேல்நோக்கித் திறக்கும் கதவுகளின் கீலைக் கவிழ்ந்ததும் வெடித்துக் கழற்றும் ஏற்பாடு வைக்க வேண்டி வந்தது இதனால்தான்.

எக்ஸ்எல்1 விற்பனைக்கு வரும்போது ஃபோக்ஸ்வாகனே முன்பின் அமைப்பைக் கைவிட்டுவிட்டது. இருவரும் பக்கத்தில் பக்கத்தில். ஆனால் பயணியின் இருக்கை ஓட்டுநரைவிடச் சற்றுப் பின்னால். தோள்கள் இடிக்காது, அகலம் மிச்சம். 1.67 மீட்டர் அகலம், 795 கிலோ எடை, கார்பன் இழைக் கூடு. 250 கார்கள்தான் செய்தார்கள் என்றாலும், கண்காட்சியில் நின்றுவிடாமல் உண்மையான ஆட்களுக்கு விற்ற கார் என்பதால் இதை நான் அதிகம் மதிக்கிறேன். ஒல்லி உடலிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது இந்த ஏறுமாறான இருக்கையைத்தான்.

இடுங்கிய பின்பக்கம்

இப்போது என் கட்சிக்கு வருகிறேன். நீர்த்துளியின் முழு வாலையும் கட்டினால் கார் ஏழு மீட்டர் போகும். 1930களில் ஜெர்மனியில் வுனிபால்ட் கம்மும் அவரோடு இருந்தவர்களும் கண்டுகொண்டது, வாலைப் பாதியில் கத்தரித்தாலும் காற்று பெரிதாகக் கோபித்துக்கொள்வதில்லை என்பதை. வெட்டு மட்டும் கூர்மையாக இருக்க வேண்டும், அதுவரை உடல் மெதுவாகச் சரிந்து வர வேண்டும். பக்கவாட்டிலும் சரிய வேண்டும் என்றால் பின்சக்கரங்கள் உள்ளே வந்தாக வேண்டும்.

ஒற்றைச் சக்கரம் வரை போக வேண்டியதில்லை. சித்ரோயன் டிஎஸ் காரில் முன்சக்கர இடைவெளி 1.5 மீட்டர், பின்னால் 1.3. ஜெனரல் மோட்டார்ஸ் 1996இல் கொண்டுவந்த மின்சாரக் கார் இவி1இல் பின்பக்கம் முன்னைவிட 23 சென்டிமீட்டர் குறுகல், கெழு 0.19. 2022இல் வந்த மெர்சிடிஸ் விஷன் இக்யூஎக்ஸ்எக்ஸ் பின்பக்கத்தை வெறும் 5 சென்டிமீட்டர்தான் ஒடுக்கியது. மிச்சத்தை வாலும் அடிப்பகுதியும் பார்த்துக்கொண்டன. நான்கு கதவு, நான்கு பேர், 0.17, ஒரே சார்ஜில் 1,000 கிலோமீட்டரைத் தாண்டியும் ஓடியது.

மூக்கில் இரண்டு சக்கரம், நடுவே நேரான சட்டங்கள், 60 சென்டிமீட்டருக்கு மேல் நொறுங்க இடம். கவிழும் எல்லை கொஞ்சம்தான் குறைகிறது. சாமான் ஏற்றினாலும் தலைகீழாக மாறாது. பின்சக்கரம் திரும்பாததால் அதை மூடிவிடலாம், அதிலும் காற்று மிச்சம். நஷ்டம் என்றால் பின் இருக்கைக்கு அகலம் குறையும். மூன்று பேருக்குப் பதில் இருவர். பின்கண்ணாடி படுத்துவிடும், எக்ஸ்எல்1 போல அதை எடுத்துவிட்டு கேமராவை நம்ப வேண்டி வரலாம். அதில் எனக்கு முழுச் சம்மதம் இல்லை. லென்ஸில் சேறு படிந்தால் பின்னால் வருபவர் யார் என்று தெரியாது.

வாலை அசையவைக்கலாமா? 2015இல் மெர்சிடிஸ் ஐஏஏ கான்செப்ட் 80 வேகத்தைத் தாண்டியதும் பின்னாலிருந்து 39 சென்டிமீட்டர் நீளத் தகடுகளை நீட்டி, கெழுவை 0.25இலிருந்து 0.19க்கு இறக்கியது. நகரத்தில் குட்டை, நெடுஞ்சாலையில் நெட்டை. யோசனை எனக்குப் பிடிக்கும், ஆனால் முதல் மாதிரியிலேயே வேண்டாம். அசைகிற எதுவும் ஒருநாள் பாதியில் சிக்கி நிற்கும்.

இயற்கையைப் பார்த்து வரையலாம் என்று யாராவது சொன்னால் 2005இன் மெர்சிடிஸ் பயோனிக்கை ஞாபகப்படுத்துங்கள். பெட்டிமீனைப் பார்த்துச் செய்த கார், கெழு 0.19. கார் நன்றாகத்தான் வந்தது. ஆனால் 2015இல் வெளியான ஆய்வு, அந்த மீனின் உடல் தடை குறைந்ததும் இல்லை, நீரோட்டத்தில் தானாக நிலைப்பதும் இல்லை என்று காட்டியது. ஜெயித்தது காற்றுச் சுரங்கத்தில், அதாவது வண்டியின் மேல் காற்றை வீசிச் சோதிக்கும் கூடத்தில், உழைத்தவர்கள். பெயர் வாங்கியது மீன்.

ஆக, நான்கு பேருக்கான நெடுஞ்சாலைக் கார் என்றால் என் வரைபடம் இது: பின்பக்கம் 15 முதல் 20 சென்டிமீட்டர் குறுகல், முன் இருக்கைகள் ஏறுமாறாக, கதவுக்கும் இடுப்புக்கும் நடுவே அப்படி மிச்சமான அகலம், கூர்மையாக வெட்டிய வால், எடை 1,100 கிலோவைச் சுற்றி. இருவருக்கு மட்டும் என்றால் முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று. பேட்டரியையும் சாமானையும் முன் அச்சுக்குப் பக்கத்திலேயே கட்டிப்போட வேண்டும்.

மாதிரியைக் காற்றுச் சுரங்கத்தில் ஏற்றும்போது நேராக மட்டும் வைத்து அளந்துவிட்டு வந்துவிடாதீர்கள். 5, 10, 15 டிகிரி திருப்பி வைத்து, மூக்கை எந்தப் பக்கம் தள்ளுகிறது, வாலை எவ்வளவு தூக்குகிறது என்று பாருங்கள். ஷ்லோர் வண்டியின் பலவீனம் பக்கக் காற்றில்தான் இருந்தது. 1998இல் வந்த முதல் ஆடி டிடியின் உருண்டையான முதுகு அதிவேகத்தில் பின்பக்கத்தை லேசாக்கி, விபத்துகளுக்குப் பிறகு நிறுவனம் கார்களைத் திரும்ப அழைத்துப் பின்னால் ஒரு சின்னத் தகட்டைப் பொருத்த வேண்டி வந்தது. அந்தத் தகட்டுக்கான இடத்தை முதல் வரைபடத்திலேயே விட்டு வையுங்கள்.